நெய்தற்பறையும் மணமுழவும்

இயல், இசை, கூத்து என்னும் மூன்றும் கூடியதே தமிழ் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். வகுப்பறைக்குள் நுழைந்ததும் இயல் ஒன்றையே கையில் எடுத்துக்கொள்கின்றோம். ஒரு பாடலைக் கற்பிக்க நேர்ந்தாலும் அதனைப் பாடலாகக் கற்பிப்பதில்லை; அதன் சொற்களை வெண்பலகையில் எழுதி, பொருள் கூறி, அணி காட்டி, எதுகை மோனைகளுக்கு அடிக்கோடிட்டுத் தேர்வுக்கு உரியதாக்கிவிடுகின்றோம். இக்குறை என்னிடமும் இருந்தது. பல்லாண்டுகள் கற்பித்த பின்னரே அதனை உணர்ந்தேன். உணர்த்தியவர் ஒரு மாணவி. அதற்குக் கருவியாய் அமைந்த பாடலோ தமிழ்ப் பாடலன்று, சுவீடன் நாட்டுப் பாடல்.

பாசிர் ரிஸ், கிழக்கு மேற்கு ரயில் தடத்தின் கிழக்குக் கோடி நிலையம். 1989ஆம் ஆண்டின் இறுதியில் அது திறக்கப்பட்டது. அங்கிருந்து தேக்காவுக்குச் செல்வோர் பூகிஸ் நிலையத்தில் இறங்கி, வேறு தடத்திற்கு மாறி, ரோச்சோரைக் கடந்து லிட்டில் இந்தியாவை அடைதல் வேண்டும். புறப்படும் இடமே தொடக்க நிலையம் ஆதலின் இருக்கை கிடைத்துவிடும். இருக்கை கிடைத்தவர் பாட்டுக் கேட்பது இன்றைய வழக்கம். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் வசிக்கும் தொடக்கக்கல்லூரி மாணவி ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் என்னருகே அமர்ந்திருந்தார். தேக்காவில் நடைபெறவிருந்த ஓர் இலக்கியக் கூட்டத்திற்கு இருவரும் சென்றுகொண்டிருந்தோம். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. காலோ தாளம் போட்டுக்கொண்டிருந்தது. "என்னம்மா கேட்கிறாய்?" என்றேன். காதொலிக் கருவிகளுள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். பாடல் முடிந்ததும், "தமிழில் இப்படி உண்டா, ஐயா? அழுதுகொண்டே ஆடுகிற பாட்டு?" என்று வினவினார்.

அப்பொழுது விடை கூற இயலவில்லை. இக்கட்டுரை அந்த விடையைத் தேடிச் சென்ற கதை.

அப்பாடலைப் பாடியவர் ராபின் என்னும் சுவீடியப் பாடகி. 2010ஆம் ஆண்டில் வெளிவந்த 'டான்சிங் ஆன் மை ஓன்' என்பது பாடலின் பெயர். பேட்ரிக் பெர்கர் என்பாரோடு இணைந்து அவர் அதனை இயற்றினார். பாடலின் கதை மிக எளியது. நடன அரங்கு ஒன்றில், தான் விரும்பியவன் வேறொருத்தியோடு நிற்பதை ஒருத்தி காண்கிறாள். மூலையில் நின்று தனியே ஆடுகிறாள். அவ்வளவே. சொற்களை மட்டும் தாளில் எழுதிப் படித்தால் அதில் வியத்தற்குரியது யாதும் இல்லை. பதின்மூன்று வயதுச் சிறுமியின் நாட்குறிப்பில்கூட இவ்வளவு இருக்கக்கூடும். ஆயினும் அப்பாடலைக் கேட்டவர் அதனை மறப்பதில்லை. ஏன்?

காரணம் சொல்லில் இல்லை, ஒலியில் இருக்கிறது. சிந்தசைசர் என்னும் மின்கருவியின் தாழ்ந்த ஒலி ஒன்று, முதல் நொடி தொடங்கி இறுதிவரை, ஓடி வந்தவனின் நாடிபோல் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. நிமிடத்திற்கு 117 தட்டு என்னும் கணக்கில் தாளம் விழுகிறது. பாடுபவளின் நெஞ்சம் அவ்விடத்திலேயே நின்றுவிட விரும்புகிறது; தாளமோ நிற்க விடுவதில்லை. அழுகையை அவள் குரல் ஏற்கிறது, ஆட்டத்தை முழவு ஏற்கிறது. இரண்டும் ஒன்றையொன்று வெல்ல முயன்று, வெல்லாமலே முடிகின்றன. இந்தப் போராட்டமே அப்பாடலின் பொருள்.

இவ்வாறு கூறுவதற்குச் சான்று உண்டு. 2015ஆம் ஆண்டில் பிரித்தானியத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கேலம் ஸ்காட் என்னும் இளைஞர் இதே பாடலைப் பியானோவின் துணையோடு மிக மெதுவாகப் பாடினார். பின்னர் அது பதிவாகவும் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. சொற்கள் ஏறத்தாழ அவையே, மெட்டும் அதுவே. முழவு மட்டும் இல்லை. கேட்போர் கண்ணீர் விட்டனர் என்பது மெய். எனினும் முழவு நீங்கியதும் பாடல் வெறும் முறையீடாகக் குறுகிவிட்டது என்பதே என் துணிபு. தனியே ஆடுகிறேன் என்று பாடும் பாட்டில் ஆட்டமே இல்லையென்றால், அங்கே எஞ்சுவது தனிமை மட்டுந்தானே? இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்கும் மாணவர் எவரும், ஒரு பாடலின் பொருள் சொல்லில் மட்டும் உறைவதன்று என்பதை ஐந்தே நிமிடத்தில் உணர்ந்துகொள்வர்.

இவ்விடத்தில் நம் புறநானூறு நினைவுக்கு வருகிறது. பக்குடுக்கை நன்கணியார் பாடிய 194ஆம் பாட்டில் இரண்டு இல்லங்கள் வருகின்றன. ஓர் இல்லத்தில் சாவுக்குரிய நெய்தற்பறை ஒலிக்கிறது. மற்றோர் இல்லத்தில் திருமணத்திற்குரிய முழவு ஒலிக்கிறது. ஒரே தெருவில் ஒரே பொழுதில் இரண்டும் கேட்கின்றன. இவ்வுலகின் இயல்பு இத்தகையது என்று கண்ட புலவர், இனியவற்றைக் காணுமாறு நம்மை ஏவுகிறார். அப்புலவருக்கு இரண்டு இல்லங்கள் வேண்டியிருந்தன. ராபினின் பாடலில் நெய்தற்பறையும் மணமுழவும் ஒரே இல்லத்தில் ஒலிக்கின்றன. இவ்வகைப் பாடலின் தனித்தன்மை யாது என்று என்னை வினவினால், இதனையே முதற்கண் கூறுவேன். இதனை இளையர் 'எலக்ட்ரோபாப்' என்பர். இலங்கைத் தமிழர் பாப் இசையைத் துள்ளிசை என்று அழகாக வழங்கினர். அவ்வழியில் இதனை மின்துள்ளிசை என்று கூறலாம்.

சுவீடன் நாட்டார் இத்துறையில் தேர்ச்சி பெற்றது எவ்வாறு என்பதும் அறியத்தக்கது. ஏறத்தாழ ஒரு கோடி மக்களே வாழும் நாடு அது. 1974இல் பிரைட்டன் நகரில் நடைபெற்ற யூரோவிஷன் போட்டியில் 'அப்பா' குழுவினர் வென்றது முதல், அந்நாட்டின் பாடல் உலகெங்கும் பரவத் தொடங்கியது. நம்மில் மூத்தோர் பலரும் அக்குழுவின் ஒலிநாடாக்களை அறிவர். 1990களில் ஸ்டாக்ஹோமின் ஷெய்ரான் ஒலிப்பதிவுக் கூடத்தில் டென்னிஸ் பாப் என்பாரும் அவருடைய மாணவர் மேக்ஸ் மார்ட்டினும் அமெரிக்க இளையர் பாடிய பாடல்கள் பலவற்றை ஆக்கித் தந்தனர். ராபினும் 1997இல் அக்கூடத்துப் பாடல்களாலேயே அமெரிக்காவில் அறிமுகமானவர். பின்னர்த் தம் நிறுவனத்தோடு ஒவ்வாமல் வெளியேறி, 2005இல் சொந்த நிறுவனம் ஒன்றைத் தொடங்கித் தம் வழியில் பாடலானார்.

சுவீடிய மொழியில் 'வேமூட்' என்றொரு சொல் உண்டு. கதறி அழும் துயரன்று அது. மாலை வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்பொழுது நெஞ்சில் மெல்லப் படரும் ஏக்கம். நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்றும், சிறுபொழுது எற்பாடு என்றும் மாணவர்க்குக் கற்பிக்கும் நாம், அச்சொல்லைப் புரிந்துகொள்ள நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பாசிர் ரிஸ் கடற்கரைப் பூங்காவில் மாலை ஆறரை மணிக்கு ஒரு நாள் அமர்ந்திருந்தால் போதும்.

மேக்ஸ் மார்ட்டினின் பாட்டியற்றும் முறையை 'மெட்டுக் கணிதம்' என்று பொருள்படும் பெயரால் குறிப்பர். முதலடியில் இத்தனை அசை என்றால் அதற்கு இணையான அடியிலும் அத்தனையே வருதல் வேண்டும். ஓர் அசை மிகுந்தாலும் மெட்டுக் கெட்டது என்று அவர் கருதுவார். பொருளினும் ஒலிக்கு முதன்மை தருவார். இது கேட்டு நகைக்கும் தமிழாசிரியர் கட்டளைக் கலித்துறையை நினைத்துப் பார்க்கட்டும். ஒற்று நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்குப் பதினேழு எழுத்து என்று வரையறுத்த மரபினர் நாம். அருணகிரியாரின் சந்தத்தில் மயங்கிய பின்னரே பொருளைத் தேடினோர் நம்மிடையே எத்தனை பேர்! எண்ணிப் பாடுதல் கலைக்கு இழுக்கு என்று கூறும் உரிமை வேறு எவர்க்கு இருந்தாலும் நமக்கு இல்லை.

அடுத்து, புதிய பாடகர் கேட்பவரை எவ்வாறு வந்தடைகிறார் என்பதையும் நோக்க வேண்டும். இதில் தற்செயலின் பங்கு வியப்பூட்டுவது. ஏஸ் ஆஃப் பேஸ் என்னும் குழுவினர் அனுப்பிய ஒலிநாடா டென்னிஸ் பாப்பின் காரில் இருந்த கருவிக்குள் சிக்கிக்கொண்டது. வெளியே எடுக்க முடியாமையால் அவர் அதனையே மீண்டும் மீண்டும் கேட்க நேர்ந்தது. கேட்கக் கேட்க அதன் நயம் புலப்பட்டது. அதிலிருந்து பிறந்ததே அக்குழுவின் முதற் பெரும்பாடல். ராக்செட் என்னும் இருவர் குழுவின் இசைத்தட்டை, சுவீடனில் பயின்று திரும்பிய ஓர் அமெரிக்க மாணவர் மினியாபொலிஸ் நகர வானொலி நிலையத்திற்குக் கொண்டுசென்று கொடுத்தார்; 1989இல் அப்பாடல் அமெரிக்காவின் முதலிடத்தை அடைந்தது. 'தி நைஃப்' என்னும் பெயரில் பாடிய உடன்பிறப்புகள் இருவர் முகத்தை மறைத்துக்கொண்டே மேடையேறியவர்கள். அவர்களுடைய மின்னிசைப் பாடல் ஒன்றை ஹோசே கொன்சாலஸ் கித்தாரில் மென்மையாகப் பாடினார். சான் பிரான்சிஸ்கோ நகரத்து மேட்டுத் தெருவில் வண்ணப் பந்துகள் துள்ளி இறங்கும் 2005ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் பெட்டி விளம்பரத்தில் அது ஒலித்தபின் உலகம் முழுதும் அப்பாடலை அறிந்தது. பின்னரே பலர் மூலப்பாடலைத் தேடிச் சென்றனர். இங்கே முழவை நீக்கியது பாடலைக் கெடுக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முன்னர்க் கூறிய கருத்தை எல்லாப் பாட்டுக்கும் பொருத்தலாகாது.

தற்செயல் என்று கூறி இதனைத் தள்ளிவிடவும் இயலாது. சுவீடனின் நகராட்சிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பத்தாண்டுகளில் ஊர்தோறும் இசைப்பள்ளிகளை வளர்த்தன. ஏழைப் பிள்ளையும் ஒரு கருவியைக் கற்கலாம். தாம் பெற்ற பேறெல்லாம் அப்பொதுக் கல்வி தந்ததே என்று மேக்ஸ் மார்ட்டின் கூறியிருக்கிறார். அவர் பள்ளியில் கற்றது கொம்பு வாத்தியம்! ஒலிநாடா காரில் சிக்குவது தற்செயல். சிக்கிய ஒலிநாடாவில் கேட்கத்தக்கது ஒன்று இருந்தது தற்செயலன்று.

இனித் தமிழுக்கு வருவோம். மாணவியின் வினாவுக்கு அவசரக்காரர் கூறும் விடை ஒன்று உண்டு: "இளையராஜா எப்போதோ செய்துவிட்டார்." உண்மை. 1986இல் வெளிவந்த விக்ரம் படத்தின் தலைப்புப் பாடலும், அதே ஆண்டில் வந்த புன்னகை மன்னன் படத்தின் கணினி இசையும் ஐரோப்பிய மின்னிசைக்கு எவ்வகையிலும் பின்தங்கியவை அல்ல. 1992இல் ரோஜாவுக்குப் பின் ஏ.ஆர். ரகுமான் அவ்வழியை நெடுஞ்சாலையாக்கினார். ஆயினும் திரைப்பாடல் கதைக்குக் கட்டுப்பட்டது. துயரக் காட்சிக்கு ஒரு பாடல், ஆட்டக் காட்சிக்கு ஒரு பாடல் என்பதே பெருவழக்கு. அதாவது நெய்தற்பறைக்கு ஓர் இல்லம், மணமுழவுக்கு ஓர் இல்லம். விதிவிலக்குகளை இசையறிந்தோர் எடுத்துக்காட்டுவர், அவற்றை மறுக்கவில்லை. எனினும் பாடுபவர் தம் துயரைத் தாமே எழுதி, தாமே இசைத்து, தம் பெயரில் வெளியிடும் மரபைத் திரை நமக்குத் தரவில்லை. ஏழு கோடிக்கு மேற்பட்டோர் பேசும் மொழியில் திரைக்கு வெளியே பாடுபவரைக் கண்டறியும் வழி இன்னும் ஒற்றையடிப் பாதையாகவே இருக்கிறது.

அப்பாதையில் முதலில் எதிர்ப்படுபவர் எம்.ஐ.ஏ. என்னும் மாயா அருட்பிரகாசம். 1975இல் இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் குழந்தைப்பருவத்தைக் கழித்து, ஏதிலியாக மீண்டும் இலண்டனை அடைந்தவர். ரோலண்டு நிறுவனத்தின் எம்.சி.505 என்னும் சிறு கருவியைத் தாமே இயக்கிப் பழகிப் பாடல் அமைக்கத் தொடங்கினார். 2005இல் வெளிவந்த முதல் தொகுப்புக்குத் தந்தையின் பெயரான 'அருளர்' என்பதையும், 2007இல் வெளிவந்த இரண்டாம் தொகுப்புக்குத் தாயின் பெயரான 'கலா' என்பதையும் சூட்டினார். நம் ஆசிரிய நண்பர் ஒருவர் இவற்றைக் கேட்டுவிட்டு, "இதில் தமிழ் எங்கே இருக்கிறது?" என்று சினந்தார். சொல்லில் தேடினால் கிடைக்காது என்பது மெய்தான். 'கலா'வில் உறுமி இருக்கிறது. சென்னையில் உறுமியாளர்களைக் கொண்டு பதிவுசெய்த தாளத்தின்மேல் மின்னொலியை ஏற்றியிருக்கிறார். தொகுப்பின் முதற் பாடலில், 1991ஆம் ஆண்டுத் தளபதி படத்தின் 'காட்டுக்குயிலு' பாட்டிலிருந்து எடுத்த இசைத்துண்டு ஒன்று உருமாறி ஒலிக்கிறது. கோயில் திருவிழாவில் உறுமியைக் கேட்டு வளர்ந்த செவிக்கு அதில் ஊர் கேட்கும்; அவ்வாறு வளராத செவிக்கு இரைச்சல் கேட்கும்.

இளங்கோவடிகளை இங்கே துணைக்கு அழைக்கலாம். அரங்கேற்று காதையில் மாதவியின் அரங்கேற்றத்திற்கு உரியோரை அவர் வரிசைப்படுத்துகிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவர். அறுவர்க்கும் தனித்தனி இலக்கணம் கூறுகிறார். கவிஞன் அவர்களுள் ஒருவனே. நாமோ அறுவருள் ஐவரை வாயிற்படியில் நிறுத்திவிட்டுக் கவிஞனை மட்டும் உள்ளே அழைத்து, "நீ ஏன் நலிந்திருக்கிறாய்?" என்று கேட்கின்றோம். எம்.ஐ.ஏ. சிறந்த கவிஞர் அல்லர். தண்ணுமையாசிரியராக அவரை மதிப்பிட்டால் இவ்விருபத்தைந்து ஆண்டுகளின் தமிழர் இசையில் அவருக்கு உயர்ந்த இடம் உண்டு. அவருடைய பிற்காலத் தொகுப்புகள் எல்லாம் இவ்வுயரத்தை எட்டின என்று கூற மாட்டேன்.

அடுத்தவர் பிரியா ராகு. இவர் சுவிட்சர்லாந்தில் வளர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்தவர். தந்தையார் தமிழர் விழாக்களில் இசைத்த குழுவில் பிள்ளைகளாய்ப் பங்கேற்ற இவரும் இவருடைய தமையனாரும் வளர்ந்தபின் இணைந்து பாடல் அமைத்தனர். தமையனார் தம் இசைப்பெயரை 'ஜாஃப்னா கோல்ட்' என்று வைத்துக்கொண்டது ஒன்றே அவருடைய நெஞ்சைக் காட்டும். வான்பயண நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டே பாடிவந்த பிரியா, 2021இல் 'டாம்ஷிஸ்தமிழ்' என்னும் தொகுப்பையும், 2023இல் 'சந்தோசம்' என்னும் தொகுப்பையும் வெளியிட்டார். குரல் இனியது, கமகம் ஆங்கிலச் சொல்மீதும் தயக்கமின்றி இழைகிறது. தமிழர் வீட்டு வரவேற்பறையும் ஐரோப்பிய நடன அரங்கும் அவர் பாட்டில் பக்கத்துப் பக்கத்து அறைகள். என் குறை ஒன்றுண்டு. சில பாடல்களில் தமிழ், சமைத்து முடித்த உணவின்மேல் தூவிய கொத்தமல்லிபோல் மேலே நிற்கிறது, குழம்போடு கொதிக்கவில்லை. தாளம் நுழைந்த அளவு மொழி நுழையவில்லை. இளம் பாடகராகிய அவரிடம் இதனைக் குற்றமாகச் சாற்றாமல், எதிர்பார்ப்பாகவே கூறுகின்றேன்.

நம் சிங்கப்பூரில் மொழி முழுமையாக நுழைந்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இங்குப் பிறந்து வளர்ந்த ஷபீர், 2019இல் வெளிவந்த சகா படத்திற்காகக் குறுந்தொகையின் 40ஆம் பாட்டை மெட்டமைத்தார். செம்புலப்பெயனீராரின் அப்பாட்டு நம் வகுப்பறையில் எத்தனை ஆண்டுகள் மனப்பாடப் பகுதியாக வாடிக்கிடந்தது! ஷபீரின் மெட்டைக் கேட்ட இளையர் தாமே முன்வந்து பொருள் கேட்டனர். அது மின்துள்ளிசை அன்று, மெல்லிசை. திரைக்கு வெளியே நின்றதும் அன்று. ஆதலின் மாணவியின் வினாவுக்கு அது நேர்விடை ஆகாது. எனினும் சங்கச் சொல் புதிய ஒலியைத் தாங்குமா என்று ஐயுறுவோர்க்கு அதுவே போதிய மறுமொழி.

யங் ராஜா என்னும் நம் நாட்டு இளைஞரையும் கூறாமல் விடலாகாது. 2018இல் 'முஸ்தஃபா' என்னும் பாடலோடு புறப்பட்ட அவர், தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே மூச்சில் உருட்டுகிறார். மொழிக்கலப்பைக் கண்டு நம் கழகத்தார் சிலர் முகஞ்சுளிப்பர்; எனக்கும் முதலில் சுளித்தது. 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். 2010இல் அது 3.3 விழுக்காடாக இருந்தது. பத்தாண்டில் இவ்வளவு குறைந்த நிலையில், ஓர் இளைஞர் நண்பரோடு களிக்கும்பொழுது தமிழை நாவில் எடுக்கிறார் என்பதைச் சிறிதென்று தள்ளுவதற்கில்லை. எனினும் அவர் பாட்டில் களிப்பு மட்டுமே மிகுதி. மணமுழவு உண்டு, நெய்தற்பறை இல்லை. ஒலித்திறனும் சொல்விரைவும் உள்ள அவர் ஒரு நாள் இரங்கிப் பாடினால் நான் முதல் ஆளாகக் கேட்பேன்.

அவ்வாறாயின் அழுதுகொண்டே ஆடும் பாட்டு தமிழில் உண்டா? உண்டு. பலரும் அறிந்த பாட்டு. அறிந்தமையாலேயே யாரும் உற்றுக் கேளாத பாட்டு. 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி'யைக் குறிப்பிடுகின்றேன். அறிவு, தீ இருவரும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையாக்க, ஏ.ஆர். ரகுமானின் ஆதரவு பெற்ற மாஜா நிறுவனம் திரைச்சார்பின்றி வெளியிட்டது. தலைப்பிலேயே ஆங்கிலச் சொல் ஒன்றும் 'என் சாமி' என்னும் பேச்சுவழக்கும் கைகோத்து நிற்கின்றன. அறிவின் பாட்டியார் வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். உழைத்த நிலம் உழைத்தவர்க்குச் சொந்தமாகாத வரலாறு அப்பாட்டின் அடியில் கிடக்கிறது. அதன் மெட்டில் ஒப்பாரியின் சாயல் உண்டு. அவ்வொப்பாரியின் கீழே, நின்றவர் காலை அசைக்கும் தாளம் விடாமல் விழுகிறது. ஸ்டாக்ஹோம் நடன அரங்கில் ஒருத்தி தன் தனிமைக்கு ஆடினாள். இங்கே ஒரு வழித்தோன்றல் தன் முன்னோரின் இழப்புக்கு ஆடுகிறான். முன்னது ஒரு நெஞ்சின் இரங்கல். பின்னது ஒரு குடியின் இரங்கல். கையாண்ட முறையோ ஒன்றே. நம்மவர் அதனைச் சுவீடனிடம் கற்றனர் என்று கூற மாட்டேன். சாவு வீட்டில் பறையொலிக்கு ஆடும் வழக்கமுடைய மக்கள் அதனை எவரிடமும் கற்க வேண்டுவதில்லை.

அப்பாட்டு உலகறியப்பட்ட விதத்தில் கசப்பும் கலந்தது. ஸ்பாட்டிஃபை என்னும் இசைச் சேவை 2006இல் ஸ்டாக்ஹோமில் தோன்றியது. இன்று நம் மாணவர் செவியில் விழும் பாடல்களுள் பெரும்பங்கு அதன் வழியே வருகிறது. 2021இல், பிரெஞ்சு இசைஞர் டிஜே ஸ்னேக் ஆக்கிய மறுவடிவத்திற்காக நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் அச்சேவையின் விளம்பரம் ஒளிர்ந்தபொழுது, பாடலை எழுதிப் பாடிய அறிவின் பெயர் அதில் இல்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் இசையிதழ் ஒன்றின் அட்டையிலும் அவர் விடுபட்டமை பெரும் விவாதத்தை எழுப்பியது. நிலத்தை உழுதவன் பெயர் பட்டாவில் இல்லை என்று பாடியவரின் பெயரே பலகையில் இல்லாமற்போயிற்று. புதியவரைக் கண்டறிவது கருவிகளின் வேலை என்று விட்டுவிட்டால், யாரைக் காட்டுவது, யாரை மறைப்பது என்பதையும் அவையும் அவற்றை நடத்துவோருமே முடிவுசெய்வர். பாட்டைக் கேட்டு, ஆக்கியோன் பெயர் சொல்லி, நலம் தீது ஆய்ந்து எழுதும் பணி திறனாய்வாளருக்கு உரியது. உரைகளும் பாயிரங்களும் ஆக்கியோன் பெயரை முதலில் கூறச் சொன்ன மரபு நம்முடையது. அம்மரபில் வந்த நாம் இப்பாடல்களைப் பற்றி எழுதிய பக்கங்கள் எத்தனை?

சில வாரங்கள் கழித்துத் தேக்காவிலிருந்து திரும்பும்பொழுது அம்மாணவியை மீண்டும் பூகிஸ் நிலையத்தில் சந்தித்தேன். என் கைப்பேசியிலிருந்து அப்பாட்டை எடுத்து நீட்டினேன். அவர் சிரித்தார். "இதை எத்தனையோ கல்யாணத்தில் ஆடியிருக்கிறேன், ஐயா." ஒப்பாரி என்றேன். "ஒப்பாரி என்றால்?" என்றார். யூனோஸ் முதல் தானா மேரா வரை அதனை விளக்கினேன். வள்ளியம்மாளைப் பற்றியும் கூறினேன். புறநானூற்றுப் பாட்டைச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், "நெய்தற்பறை எப்படி ஒலிக்கும், ஐயா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். சங்கப் பாடலை நாற்பதாண்டு கற்பித்தவன், அந்தக் கேள்வியை ஒருநாளும் எனக்குள் கேட்டதில்லை.

பாசிர் ரிஸ், கடைசி நிலையம் என்னும் அறிவிப்பு ஒலித்தது. அவர் அப்பாட்டை மீண்டும் முதலிலிருந்து கேட்கத் தொடங்கியிருந்தார்.